பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு என்ன கார்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். படிக்காமல் "அருமை சார்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்கு வகுப்பிலிருந்தே தெரியும்.

"சார், பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு, காலேஜ் போக ஒரு கார் வாங்கிக் கொடுக்கலாம்னு பார்க்கிறோம், எது நல்லது?" என்று இந்த வருடம் மட்டும் ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். இதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள், மூன்று பேர் சொந்தக்காரர்கள். இயற்பியல் வாத்தியாரிடம் ஏன் கார் பற்றிக் கேட்கிறார்கள் என்று என் மனைவிக்குச் சிரிப்பு. ஆனால் ஷோரூம்காரர் சொல்லாமல் விடுவதில் பாதி பதினோராம் வகுப்புப் பாடம்தான். அதனால் தனித்தனியாகப் பதில் போடாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சின்ன பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்ட், 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானது. பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. புது வண்டி வேண்டாம். அதே மாதிரி, சும்மா கிடைக்கிறது என்பதற்காகப் பெரியப்பா வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய மாருதி 800-ம் வேண்டாம்.

அந்த 2019 ஜூலை ஏன் என்று கேட்பீர்கள். 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஜூலை 1 முதல் டிரைவர் பக்க ஏர்பேக்கும் இந்தியாவில் தயாராகும் எல்லாக் கார்களிலும் கட்டாயம் ஆனது. சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துவது, 80-ஐத் தாண்டினால் எச்சரிப்பது, ரிவர்ஸ் சென்சார், எல்லாம் அப்போது வந்தவைதான். அதற்கு முன்பு, விலை குறைந்த வேரியண்ட்டுகளில் இவை பெரும்பாலும் கிடையாது. நாம் செகண்ட் ஹேண்டில் தேடுவதோ அந்த விலை குறைந்த வேரியண்ட்டுகளைத்தான்! 2022 தொடக்கத்திலிருந்து முன்சீட்டில் இருவருக்கும் ஏர்பேக் கட்டாயம். பணம் இருந்தால் அந்த வருடத்து வண்டியாகவே பாருங்கள். ஆர்.சி.யில் பதிவு செய்த தேதி வேறு, தயாரித்த மாதமும் வருடமும் வேறு. நீங்கள் பார்க்க வேண்டியது தயாரித்த மாதம்.

உங்களில் பலருக்கு அந்தக் கரும்பலகை நினைவிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. தேர்வில் எல்லோரும் சரியாக எழுதினீர்கள், சாலைக்கு வந்தால் மறந்துவிடுகிறீர்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்து நிற்கிற தூரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் 80-ல் வேண்டும். அதுவும் கால் பிரேக்குக்குப் போன பிறகு. ஆபத்தைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வினாடியில் 80-ல் போகும் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். ஒரு கிரிக்கெட் பிட்சை விட நீளம். நாற்பது வயதுக்காரர் முன்னே போகிற லாரி பிரேக் அடிக்கும் என்பதை அதன் போக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அனுபவம் இன்னும் வரவில்லை. புத்திசாலிப் பிள்ளைக்கும் வரவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

"அப்படியானால் கார் எதுக்கு மாமா, ஒரு பைக் போதுமே" என்று என் தங்கை மகன் கேட்டான். செலவுக் கணக்கில் அவன் சொல்வது சரி. உயிர்க் கணக்கு வேறு. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அதே வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நான் வேலை பார்த்த காலத்தில், கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே பைக்கில் போன மாணவர்கள் மூன்று பேர் வீட்டுக்கு மாலையோடு போயிருக்கிறேன். அவர்கள் பெற்றோர் இன்றும் என்னைக் கண்டால் மார்க் பற்றித்தான் பேசுவார்கள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

சரி, எந்த மாடல்?

ஆல்டோ, வேகன் ஆர், செலிரியோ, சான்ட்ரோ, கிராண்ட் ஐ10, டியாகோ. சந்தையில் தாராளமாகக் கிடைப்பவை இவைதான். ஓடும், பெரிய செலவு வைக்காது, எந்த ஊரிலும் மெக்கானிக் இருப்பார் என்று பார்த்தால் மாருதியை அடிக்க ஆள் இல்லை. ஆலங்குளத்தில் நின்றாலும் சங்கரன்கோவிலில் நின்றாலும் அரை மணி நேரத்தில் ஒருவர் ஸ்பேனரோடு வந்துவிடுவார். ஆனால் குளோபல் என்கேப் என்ற அமைப்பு வண்டிகளை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்க்கிறது. அதில் 2023-ல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு வேகன் ஆர் வாங்கியது 1 நட்சத்திரம், ஆல்டோ கே10 வாங்கியது 2. டியாகோ 2020-லேயே 4 வாங்கிவிட்டது. மோதும்போது உட்கார்ந்திருக்கும் கூண்டு கசங்காமல் நிற்கிறதா என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி.

என்னைக் கேட்டால், பிள்ளை தினமும் நான்கு வழிச்சாலையில் ஏற வேண்டியிருந்தால் டியாகோவுக்கே போவேன். டவுனுக்குள்ளேயே, முப்பது நாற்பதில் போய் வருவதாக இருந்தால் மாருதியே போதும், சர்வீஸ் தொல்லை இல்லை. டியாகோ என்ஜின் 1,199 சி.சி., அதனால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கொஞ்சம் அதிகம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சி.சி.க்குள் உள்ள காருக்கு வருடம் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 வரை 3,416. வித்தியாசம் 1,322 ரூபாய். அதைப் பார்த்து வண்டியை மாற்றுகிறவர்களிடம் நான் பேசுவதில்லை.

புது வண்டி ஏன் வேண்டாம் என்கிறேன்? பிள்ளை இடிக்கும். நன்றாக ஓட்டுகிற பிள்ளையும் முதல் ஆறு மாதத்தில் கேட்டில் உரசும், தூணில் தட்டும், ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டி மதிப்பைக் குறைக்கும் அட்டவணையின்படியே ஐந்தாம் வருடத்தில் பாதி போய்விடும். அந்தப் பாதியை முதல் முதலாளி ஏற்கெனவே இழந்துவிட்டார், நீங்கள் ஏன் இழக்க வேண்டும்? அதைவிட முக்கியம், பதினைந்து லட்ச ரூபாய் வண்டியில் கீறல் விழுந்தால் அப்பா போடும் சத்தத்துக்குப் பயந்து பிள்ளை உண்மையைச் சொல்லாது. எங்கே, எப்படி இடித்தது என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? என் பேத்தியின் வண்டி 2020 டியாகோ, நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. முதல் வாரமே பின் பம்பரில் ஒரு கோடு. "தாத்தா, தண்ணித் தொட்டியைப் பார்க்கலை" என்றாள். சரி, இனிமேல் பார் என்றேன். அந்தக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

பேத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. "பொட்டப் பிள்ளைக்கு எதுக்குக் காரு? கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை வாங்கித் தருவாரு" என்று நம் வீட்டு விசேஷத்திலேயே ஒருவர் சொன்னார். யார் என்று சொல்லவில்லை, அவரும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார். அவளுக்கு லேப் முடிய ஆறரை மணி ஆகிறது. கல்லூரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு விளக்கில்லாத ஒன்றரை கிலோமீட்டர். வரப் போகிற மாப்பிள்ளை வந்து அந்த ஒன்றரை கிலோமீட்டரை நடக்க மாட்டார். பையனுக்கு என்றால் "எந்த மாடல்?" என்று கேட்கிறவர்கள், பெண்ணுக்கு என்றால் "எதுக்கு?" என்று கேட்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, எழுதிவிட்டேன்.

வண்டி பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், என்ஜின் ஆறியிருக்கும்போது. "சார் வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" என்று சொன்னால் டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைக்கும். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம்: ஒருமுறை வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் பிடுங்கியிருக்கலாம். ஏ.பி.எஸ். விளக்கும் அப்படியே. மற்ற எந்தச் சோதனையை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவு, மட்கார்டு எல்லாம் இரும்புத் தகடு, ஒட்டும். பட்டி பூசிப் பெயின்ட் அடித்த இடத்தில் வழுக்கும். (பம்பர் பிளாஸ்டிக், அதில் ஒட்டவில்லை என்று டீலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.) சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே மண் கோடோ ஈரக்கறையோ இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முக்கியபோதும், அதே மாதம் நம் நெல்லை, தூத்துக்குடி மூழ்கியபோதும் எத்தனை கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன என்று பார்த்தோமே. அவற்றில் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருவதும் உண்டு. ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்திலும் துரு பாருங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடத்துக்கு மேற்பட்ட டயரை மாற்றிவிடுங்கள். வண்டி விலையில் மிச்சம் பிடித்த காசு அதற்குத்தான்.

காகிதங்களை நீட்டி எழுதவில்லை. ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருக்கிறதா, இருந்தால் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் உண்டா, பாக்கி அபராதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. இன்சூரன்ஸோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் லைசென்ஸோடு ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். வண்டி அப்பா பெயரில் இருந்து மகள் ஓட்டினால் மகளுக்கு அது கிடையாது. பிள்ளை பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

இன்னும் பதினெட்டு ஆகாத பிள்ளைகள் விஷயம். பதினைந்து வயதுப் பையன் நான்கு வழிச்சாலையில் கார் ஓட்டுகிற காணொளியை நம் உறவுக்காரர் ஒருவர் பெருமையாகப் போட்டிருந்தார். நான் லைக் போடவில்லை, கேட்டும் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவை ஒருமுறை படியுங்கள். சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. காணொளியை நீக்கிவிடுங்கள் தம்பி.

பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். எடுத்து 30 நாளில் டெஸ்டுக்குப் போகலாம். ஆனால் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதல் மூன்று மாதம் பக்கத்து சீட்டில் நீங்கள் உட்காருங்கள், போனைப் பார்க்காமல். காலியான மைதானத்தில் 40-ல் போய் ஓங்கி பிரேக் அடிக்கச் சொல்லுங்கள். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிரும். தெரியாத பிள்ளை பயந்து காலை எடுத்துவிடும். எடுக்காமல் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்பது அந்த மைதானத்தில்தான் உடம்பில் ஏறும். நண்பர்களை ஏற்றுவதும், இரவில் பைபாஸ் போவதும் ஆறு மாதத்துக்குப் பிறகு. ஸ்டெப்னி மாற்றவும் கற்றுக்கொடுங்கள். என் பேத்திக்கு இப்போது இருபது நிமிடம் ஆகிறது. அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே போன் பண்ணுங்கள். ஞாயிறு காலைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். காந்தமும் டார்ச்சும் என்னிடம் இருக்கின்றன. டீயும் வடையும் உங்கள் செலவு.