முகம் எங்கே?

"திறமை விளையாட்டு" என்றார்கள்! எதிரே அமர்ந்திருப்பவனின் உள்ளத்தை அவன் உடலசைவால் அளந்தறியும் ஆற்றலே போக்கர் என்றார்கள். மன்றந்தோறும் வழக்குரைஞர்களை நிறுத்தி வாதாடினார்கள். நல்லது தோழர்களே, அவர்கள் வாளையே வாங்கி அவர்கள் கேடயத்தில் குத்திப் பார்ப்போம்!

குறிப்பறியும் கலை நமக்குப் புதிதா? வள்ளுவர் அதற்கு இரண்டு அதிகாரங்கள் வகுத்தார்; பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று. சூதை வைத்த இடம் வேறு. அது 94ஆம் அதிகாரம். கண்ணபுரம், அந்தியூர் என மாட்டுச் சந்தைகளுக்குப் பேர்போன சீமை நம் கொங்குச் சீமை. துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரைப் பாருங்கள். வாய் பேசாது, கை தெரியாது, கண் மட்டும் கண்ணை அளக்கும். காங்கேயம் காளையின் பல்லைப் பார்த்தவன், விற்பவன் முகத்தையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பான். அது திறமை, தலைவணங்குகிறேன்.

அமெரிக்காவில் மைக் கேரோ என்பவர் 1984இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். நடிப்பவன், கையில் வலுவான சீட்டிருந்தால் தளர்ச்சி காட்டுவான், இல்லாவிட்டால் மிடுக்குக் காட்டுவான் என்பது அவர் கண்ட உண்மை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. 2009 உலகப் போட்டியின் படத்துணுக்குகளில் முகத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்; பந்தயக் காசைத் தள்ளும் கையைப் பார்த்தவர்களே சீட்டின் தரத்தை ஓரளவு சரியாகக் கணித்தார்கள். நாடகக்காரனுக்கு இதில் வியப்பில்லை. அரிதாரம் முகத்துக்குத்தானே, முழங்கைக்கு ஏது?

ஆனால், திருப்பூரில் பனியன் தைத்துவிட்டு, இரவு ஷிப்டு முடிந்து கைப்பேசியைத் திறந்த இளைஞனுக்கு எந்த முகம் தெரிந்தது? எந்தக் கை தெரிந்தது? ஒரு புனைபெயர், ஒரு பொம்மைப் படம், ஓடிக் குறையும் வினாடிகள், அவ்வளவே! அவனையோ கணிப்பொறி முழுதும் கண்டது. எப்போது வந்தான், எவ்வளவு வைத்தான், தோற்ற எத்தனை நிமிடத்தில் மீண்டும் பணம் போட்டான் என்பதெல்லாம் அதன் ஏட்டில் பதிந்தன. குறிப்பறிந்தது யார்? அறியப்பட்டது யார்? சகுனியின் முகத்தையாவது தருமன் பார்த்தான்!

பந்தய அளவும், எடுத்துக்கொள்ளும் நேரமும் இணையத்திலும் குறிப்புகளே என்பார்கள். உண்மைதான். அந்தக் கணக்கை வைத்து ஆடுபவன் முழுநேர வேட்டைக்காரன். வாரக்கூலியை வைத்து ஆடுபவன் அவனுக்கு இரை.

1967இல் உச்சநீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை என்றது, செகந்திராபாத் மனமகிழ் மன்றமொன்றில் நேருக்கு நேர் அமர்ந்து ஆடியவர்கள் வழக்கில். தமிழகச் சட்டமன்றம் 2022இல் இணையச் சூதுக்குத் தடை விதித்தது. அதற்கு அதிகாரமில்லை என்று ஆளுநர் 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ரம்மியையும் போக்கரையும் மட்டும் விடுவித்தது. நேரில் ஆடுவதற்கும் இணையத்தில் ஆடுவதற்கும் வேறுபாட்டை அரசு மெய்ப்பிக்கவில்லையாம். வேறுபாடு தோளுக்கு மேலே இருக்கிறது. அதற்குப் பெயர் முகம்!

2025 ஆகஸ்டிலோ டில்லியே, திறமையா தற்செயலா என்று கேளாமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் அனைத்தையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. கோட்டையிலிருந்து வந்தபோது குற்றமாய்த் தெரிந்தது, டில்லியிலிருந்து வந்ததும் குணமாயிற்றோ? நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அவற்றைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது.

எனவே பல்லடத்திலும் சோமனூரிலும் தறித் தொழிலாளரிடையே பேசும் தோழர்களே, சட்டப்பிரிவு எண்களை அடுக்காதீர்கள். கைப்பேசியை உயர்த்திப் பிடியுங்கள், "எதிராளி எங்கே?" என்று கேளுங்கள்.