காப்புறுதிப் பத்திரம் யார் பெயரில்?

கடந்த மாரியில் பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டமொன்றில், காற்றில் முறிந்த மரம் தொழிலாளர் வீடொன்றின் மேல் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கூரை போனது. அலுமாரி, தையல் மெசின், அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் மழையில் பாழாயின. சில மாதங்களில் தோட்டத்துக்குக் காப்புறுதிப் பணம் வந்தது, கூரையும் திருத்தப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. இது என்ன நியாயம் என்று வீட்டுத் தாய் எமது கூட்டத்தில் கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, காப்புறுதிக்காரர்களின் சில சொற்களை நாமும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் மரண உதவிச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் மாதாமாதம் சிறு தொகை போடுகிறோம், எந்த வீட்டில் இழவு விழுகிறதோ அந்த வீட்டுக்குப் பணம் போகிறது. காப்புறுதியின் அடிப்படையும் இதுதான். போடும் காசுக்குக் கட்டுப்பணம் என்று பெயர். கொடுக்கும் பணம் நட்டஈடு. உடன்பாட்டை எழுதிய தாள் காப்புறுதிப் பத்திரம்.

ஒரு பொருளைக் காப்புறுதி செய்ய, அது அழிந்தால் நமக்கு நட்டம் வரவேண்டும். இதைக் காப்புறுதி செய்யத்தக்க நலன் என்பார்கள். அயலவர் வீட்டை நாம் காப்புறுதி செய்துவிட்டு அது எரியட்டும் என்று காத்திருக்க முடியாது. தோட்டத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. ஆகவே பத்திரம் அவர்கள் பெயரில், பணமும் அவர்களுக்கு. உள்ளே இருந்த தையல் மெசின் அந்தத் தாயின் சொத்து. அதை அவர் தனியாகக் காப்புறுதி செய்திருக்கலாம், ஆனால் அப்படி ஒன்று உண்டென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாதது எமது சங்கத்தின் குறையும்தான்.

நட்டஈடு என்பது இலாபம் அல்ல. இழந்ததற்கு மேல் ஒரு ரூபாயும் வராது. மதிப்பைக் குறைத்து எழுதினாலோ இழந்ததும் முழுதாக வராது. பத்து இலட்சம் பெறுமதியான வீட்டைக் கட்டுப்பணம் மிச்சம் பிடிக்க ஐந்து இலட்சம் என்று பதிந்தால், இரண்டு இலட்சம் சேதத்துக்கு ஒரு இலட்சம்தான் தருவார்கள். பாதி காப்புறுதிக்குப் பாதி நட்டஈடு என்பது பல பத்திரங்களில் உள்ள நிபந்தனை.

விண்ணப்பத்தில் உண்மையை மறைக்கக் கூடாது. ஓலைக் கூரையை ஓட்டுக் கூரை என்று எழுதினால், தீப்பிடித்த பிறகு அந்த ஒரு பொய்யே பணத்தை மறுக்கப் போதும். முகவர் நிரப்பித் தந்தாலும் கையெழுத்து உங்களுடையது. வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியைக் கட்டாயம் பாருங்கள். தீக்குப் போட்ட பத்திரம் வெள்ளத்துக்குத் தராது. புயல், வெள்ளம், கலவரம் ஆகியவற்றைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். போர்ச் சேதத்தைச் சாதாரண சொத்துக் காப்புறுதி ஏற்பதில்லை. முகமாலையிலும் பளையிலும் தென்னைகள் தலையிழந்து நின்றதைப் பார்த்த எங்களுக்கு இந்த விலக்கின் கனம் தெரியும்.

அடுத்தது பொறுப்புக் காப்புறுதி. பிறருக்கு நேர்ந்த தீங்குக்கு நாம் பதில் சொல்ல வேண்டி வந்தால் உதவுவது இது. வாகனங்களுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். தொழிலாளரை ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரப் பெட்டிக்கு அது இருக்கிறதா, அதில் ஏறிச் செல்பவரும் அடங்குவாரா என்று கேளுங்கள்.

தேங்காய் பறிக்க ஏறியவர் விழுந்தாலோ, உரிக்கையில் அலவாங்கு கையைக் கிழித்தாலோ 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் துணைக்கு வரும். வேலை காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்குத் தொழில் கொள்வோர் பொறுப்பு. அவர் காப்புறுதி எடுக்கவில்லை என்பது தப்பும் வழி அல்ல. 2022 திருத்தத்தால் நட்டஈட்டின் உச்சவரம்பு 20 இலட்சம் ரூபாவானது. வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தும் அடங்கியது. ஆனால் செக்ரோலில் பெயர் இல்லாவிட்டால் வேலை செய்ததையே நிரூபிக்க வேண்டிவரும். கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்வோர் நாட்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

சேதம் நேர்ந்தால் துப்புரவாக்க முன் படம் எடுங்கள். கிராம அலுவலரிடம் பதியுங்கள். பற்றுச்சீட்டுகளைப் பொலித்தீன் உறையில் வையுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நியாயமின்றி மறுத்தால் இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கடிதம் எழுத நாம் இருக்கிறோம்.

நிர்வாகங்களிடம் எமது கோரிக்கைகள் மூன்று. தொழிலாளர் விபத்துக் காப்புறுதிப் பத்திரத்தைத் தமிழில் அறிவித்தல் பலகையில் போடுங்கள். வீடுகளுக்கு எடுக்கும் காப்புறுதியில் குடியிருப்போரின் பொருட்களையும் சேருங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஆளேற்றுவதை நிறுத்தி முறையான வாகனம் தாருங்கள்.

இவை கிடைத்தாலும் அடிக்கேள்வி மாறாது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகத்தில் மீண்டும் மண் சரிந்தது. தலைமுறைகளாகக் குடியிருந்தும் அந்த மண்ணில் எம் உறவுகள் பலருக்கு ஒரு பேர்ச் காணி சொந்தமில்லை. காணி உறுதி இல்லாதவருக்குக் காப்புறுதியும் அரைகுறைதான். பத்திரத்தை வாசிக்கப் பழகுவோம், உறுதிக்காகப் போராடுவதையும் விடமாட்டோம்.