இரண்டு செல்போன், ஒரே விலை! எதை வாங்குவது?

செல்போன் இன்று பேசுவதற்கு மட்டும் உள்ள கருவி அல்ல. அது வீட்டின் இரும்புப் பெட்டி!

சம்பளம் வந்து சேர்ந்த செய்தி அதில் வருகிறது. கியாஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது அதில்தான். கரண்டு பில் கட்டுவதும் அதில்தான். பாங்கியில் இருந்து வரும் ரகசிய எண்ணும் அதற்குத்தான் வருகிறது.

2016-ம் ஆண்டு யு.பி.ஐ. முறை வந்தது. அதன் பிறகு, காய்கறிக் கடையில் 20 ரூபாய் கொடுப்பதற்குக் கூட செல்போனை நீட்டுகிறார்கள்.

இரும்புப் பெட்டி வாங்குகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? பூட்டைப் பார்ப்பார். ஆனால் செல்போன் வாங்குகிறவர்களில் பலர் நிறத்தைப் பார்க்கிறார்கள். பின்னால் எத்தனை கேமரா என்று எண்ணுகிறார்கள். பூட்டைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்பது இல்லை.

இது தவறு.

அண்ணன் தம்பி போல

ஒரு உதாரணம்:

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தென் கொரியாவின் சாம்சங் கம்பெனி "கேலக்ஸி ஏ16 5ஜி" என்ற போனை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சீனாவின் சியோமி கம்பெனி "ரெட்மி நோட் 14 5ஜி" என்ற போனைக் கொண்டு வந்தது.

அறிமுகம் ஆனபோது இரண்டின் ஆரம்ப விலையும் 18 ஆயிரத்து 999 ரூபாய். ஒரு ரூபாய் கூட வித்தியாசம் இல்லை!

இரண்டிலும் முக்கிய கேமரா 50 மெகாபிக்சல். சாம்சங் போனின் திரை 6.7 அங்குலம். ரெட்மியின் திரை 6.67 அங்குலம். பாட்டரியின் அளவிலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். பிறகு எதை வாங்குவது?

ரெட்மிக்கு என்ன சிறப்பு?

ரெட்மியில் சார்ஜ் சீக்கிரம் ஏறும். 45 வாட் சார்ஜரைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள்.

சாம்சங் போனில் 25 வாட் வேகத்தில்தான் சார்ஜ் ஏறும். சார்ஜரும் பெட்டியில் கிடையாது. வீட்டில் இல்லாதவர்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

ரெட்மியின் திரையில் படம் விநாடிக்கு 120 தடவை வரை மாறும். சாம்சங்கில் 90 தடவைதான். விரலால் தள்ளும்போது ரெட்மியின் திரை வழுக்கிக்கொண்டு ஓடும்.

கடையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் ரெட்மிதான் ஜெயிக்கும்!

ஆனால் செல்போன் வாங்குவது ஐந்து நிமிடத்துக்கு அல்ல, ஐந்து வருடத்துக்கு. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

6 வருடமும் 4 வருடமும்

சாம்சங் போன் வெளிவந்தபோது, "6 வருடம் பாதுகாப்பு அப்டேட் கொடுப்போம்" என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. ரெட்மி போனுக்கு சியோமி கம்பெனி அறிவித்தது 4 வருடம்.

அப்டேட் என்றால் என்ன?

செல்போனை நடத்துவது அதற்குள் இருக்கும் மென்பொருள். அதை எழுதியவர்கள் மனிதர்கள். ஆகவே அதில் ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைவார்கள். ஓட்டை தெரிந்ததும் கம்பெனி அதை அடைத்து அனுப்புகிறது. அதுதான் பாதுகாப்பு அப்டேட்.

2015-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் வீடியோ காட்டும் பகுதியில் ஒரு ஓட்டை இருப்பது அந்த ஆண்டு ஜூலையில் வெளியே தெரிந்தது. அதற்கு "ஸ்டேஜ்பிரைட்" என்று பெயர் வைத்தார்கள். வீடியோவோடு ஒரு செய்தி அனுப்பினால் போதும். போனுக்கு உரியவர் அதைத் திறந்து பார்க்காவிட்டாலும், திருடன் உள்ளே நுழைய வழி இருந்தது! சுமார் 95 கோடி போன்களுக்கு அந்த ஆபத்து இருந்ததாக, அதைக் கண்டுபிடித்தவர்கள் மதிப்பிட்டார்கள்.

உலகம் விழித்துக்கொண்டது. அந்த ஆகஸ்டு முதல், அடைத்த ஓட்டைகளின் பட்டியலைக் கூகுள் நிறுவனம் மாதந்தோறும் வெளியிட்டு வருகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பட்டியல் எல்லோருக்கும் தெரியும். திருடனுக்கும் தெரியும்! அப்டேட் நின்றுபோன போன்களில் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். எந்த ஜன்னல் திறந்து இருக்கிறது என்று திருடனிடம் சொல்லி விட்டுத் தூங்குவதைப் போன்றது அது.

வருடக் கணக்கு

18 ஆயிரத்து 999 ரூபாயை 6 வருடத்துக்குப் பிரித்தால், வருடத்துக்குச் சுமார் 3 ஆயிரத்து 170 ரூபாய். 4 வருடத்துக்குப் பிரித்தால் சுமார் 4 ஆயிரத்து 750 ரூபாய்.

கடையில் ஒரே விலை. வீட்டுக் கணக்கில் வருடத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வருடக் கணக்கு, போன் வாங்கிய நாளில் இருந்து தொடங்குவது அல்ல. அந்த ரகம் முதலில் வெளிவந்த காலத்தில் இருந்து தொடங்குவது. சாம்சங் போனுக்கு 2030-ம் ஆண்டு வரை. ரெட்மிக்கு 2028-ம் ஆண்டு வரை.

"விலை குறைந்து விட்டது" என்று இரண்டு வருடம் பழைய ரகத்தை வாங்குகிறவர், ஆயுளில் இரண்டு வருடத்தை ஏற்கனவே இழந்து விட்டார்.

பழைய போன் யாருக்கு?

"ஆறு வருடம் யார் ஒரே போனை வைத்திருக்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள்.

வாங்கியவர் வைத்திருக்க மாட்டார். ஆனால் போன் வீட்டிலேயேதான் இருக்கும்!

மகன் புது போன் வாங்குவான். பழையது அம்மாவுக்குப் போகும். அம்மாவிடம் இருந்து பாட்டிக்குப் போகும். பாட்டியின் பென்ஷன் கணக்கு அந்த எண்ணில்தான் இருக்கும்.

ஆக, பூட்டு உடைந்த பெட்டி யாரிடம் போய்ச் சேருகிறது? திருட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாதவரிடம் போய்ச் சேருகிறது! புது போன் வாங்கும்போதே பாட்டியையும் நினைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

போன் உடையாவிட்டாலும் பயன் இல்லாமல் போகும் காலம் ஒன்று உண்டு. 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் ஆண்ட்ராய்டு 4.4-ம் அதற்கு முந்தியவையும் உள்ள போன்களில் வாட்ஸ்அப் நின்றது. 2025 மே மாதம், ஐபோன் 6 போன்ற பழைய ஐபோன்களிலும் நின்றது. கண்ணாடி உடையவில்லை. பாட்டரி சாகவில்லை. ஆனாலும் அந்த வேலைக்கு உதவவில்லை.

பாட்டரி என்ன ஆகும்?

ஆறு வருடத்தில் பாட்டரி தளர்ந்து போகும். அது உண்மை. ஆனால் பாட்டரியை மாற்றலாம். உடைந்த திரையையும் மாற்றலாம். கம்பெனி நிறுத்திய அப்டேட்டை எந்த மெக்கானிக்காலும் கொடுக்க முடியாது!

ஐரோப்பிய யூனியன் இதைச் சட்டமாகவே கொண்டு வந்து விட்டது. 2025-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு ரகத்தின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் கொடுக்க வேண்டும். 800 தடவை முழுதாகச் சார்ஜ் செய்த பிறகும் பாட்டரியில் 80 சதவீதம் சக்தி மிச்சம் இருக்க வேண்டும்.

யாருக்கு எது?

மூன்று வருடத்துக்குள் போனை மாற்றி, பழையதைக் கடையில் கொடுத்து விடுகிறவருக்கு ரெட்மி போதும். நல்ல திரை, விரைவான சார்ஜ் எல்லாம் கிடைக்கும்.

ஒரே போனை நாலைந்து வருடம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு சாம்சங்தான் ஏற்றது. போன் கைமாறிக் கைமாறிப் பெரியவர்களிடம் போகும் வீட்டுக்கும் அதுவே ஏற்றது. திரை கொஞ்சம் மெதுவாக ஓடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இந்த இரண்டு போன்களுக்கு மட்டும் சொன்னது அல்ல இது. எந்த இரண்டு போன்களுக்கும் இதே கணக்குத்தான். கடையில் மூன்று கேள்வி கேட்க வேண்டும்:

"இந்த ரகம் எந்த ஆண்டு வெளிவந்தது?"

"எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் வரும்?"

"எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பழுது பார்க்கும் இடம் உண்டா?"

வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனையும் இன்றே சோதித்துப் பாருங்கள். செட்டிங்ஸ் பகுதியில் போனைப் பற்றிய விவரம் இருக்கும். கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி அங்கே தெரியும். அது இரண்டு மூன்று வருடம் பழையதாக இருந்தால், அந்த போனில் பாங்கிக் கணக்கை வைக்காதீர்கள். பேசுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் வைத்துக் கொள்ளுங்கள்.

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாவியைத் திருடனிடம் கொடுத்தால் பயன் இல்லை. ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போய் விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னால் வருடத்தைக் கேளுங்கள்!