சி.சி. கணக்கும் சின்னக் கார் வேடிக்கையும்

வண்டியின் சக்தியைக் கூட்ட நேர்வழி சிலிண்டரைப் பெரிதாக்குவது. பெரிய சிலிண்டர் அதிகக் காற்றை இழுக்கும், அதற்கேற்றபடி பெட்ரோல் எரியும், சக்தி கூடும். இன்னொரு வழி டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். சிலிண்டர் வளராது, உள்ளே போகிற காற்று மட்டும் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஆக, இது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சமாசாரம். நம் வரித்துறைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. அங்கே இன்ஜின் என்றால் சி.சி.தான்.

2006 பட்ஜெட்டில் நம் சிவகங்கைக்காரர் ப. சிதம்பரம் சின்னக் கார்களின் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். நல்ல காரியம்தான். ஆனால் எது சின்னக் கார்? நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500க்குள். அன்றைக்குச் சின்னப் பெட்ரோல் கார்களில் டர்போ அபூர்வம் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் கோடு அதே இடத்தில் நின்றது. 2025 செப்டம்பர் 22இல் விகிதத்தை மாற்றினார்கள். கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. கோட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

பலனைப் பாருங்கள். மாருதி பிரெஸாவின் பெட்ரோல் இன்ஜின் 1462 சி.சி. டர்போ கிடையாது. சக்தி சுமார் 103 குதிரை. வரி 40 சதவீதம். டாடா நெக்ஸான் பெட்ரோல் 1199 சி.சி., டர்போ உண்டு, 120 குதிரை. வரி 18 சதவீதம். இரண்டும் ஒரே நீளம், 3995 மில்லிமீட்டர். சக்தி குறைந்த வண்டிக்கு இரண்டு மடங்குக்கு மேல் வரி!

இன்சூரன்சும் இதே லட்சணம்தான். 2022இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சி.சி. வரை 2094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3416. வேகன்-ஆரில் 1197 சி.சி., 90 குதிரை வண்டியை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வரும் பென்ஷன்காரர் 3416 கட்ட வேண்டும். 998 சி.சி. டர்போவில் 120 குதிரையோடு பறக்கிற பேரனுக்கு 2094 போதும். ரோட்டில் யாரால் ஆபத்து அதிகம் என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டாலே சொல்லுவார்கள்.

அரசாங்க ஆபீசில் காலம் தள்ளியவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. எது சுலபமாக ஒரு கட்டத்துக்குள் அடங்குமோ அதைத்தான் படிவம் கேட்கும். ஆர்.சி.யில் சி.சி.க்கு ஒரு கட்டம் இருக்கிறது, விஷயம் முடிந்தது.

பந்தயக்காரர்கள் இவ்வளவு ஏமாளிகள் இல்லை. 1966 முதல் ஃபார்முலா ஒன் விதி என்ன சொன்னது? சாதாரண இன்ஜின் என்றால் 3 லிட்டர் வரை, காற்றை அமுக்கி ஊட்டும் இன்ஜின் என்றால் 1.5 லிட்டர்தான். ஒன்றுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டார்கள். 1977இல் ரெனோ கம்பெனி 1.5 லிட்டர் டர்போவைக் கொண்டுவந்தபோது, அடிக்கடி புகை விட்டு நின்ற அந்த வண்டியை 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். 1979இல் திஜோன் பந்தயத்தில் அதே கம்பெனிதான் ஜெயித்தது. பிறகு எல்லோரும் டர்போவுக்கு மாற, 1989இலிருந்து அதற்குத் தடையே போட்டுவிட்டார்கள். இரண்டால் வகுத்தும் போதவில்லை!

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சித்ரோயனின் பிரபலமான 'தூ ஷவோ' காருக்கு 'இரண்டு குதிரை' என்று அர்த்தம். அது ஓடுகிற குதிரை அல்ல, வரிக் குதிரை. பிரான்சில் இன்ஜின் கொள்ளளவை வைத்துத்தான் வெகுகாலம் வரிக் குதிரையை எண்ணினார்கள். 1998இல் அதை விட்டுவிட்டு, நிஜமான சக்தியையும் புகையில் வரும் கரியமில வாயுவையும் வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள்.

நான் டர்போவுக்கு விரோதி இல்லை. சிவகாசியிலிருந்து பட்டாசும் காலண்டரும் ஏற்றிப் போகிற லாரிக்கு டர்போ டீசல்தான் சரி. டீசல் இன்ஜின் அமுக்கிய காற்றை விரும்பும், பெட்ரோல் மாதிரி 'நாக்' அடிக்காது. கொடைக்கானல் உயரத்தில் காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும், அங்கேயும் டர்போ கைகொடுக்கும். நம் பக்கத்துப் பொலேரோவையே பாருங்கள். 2523 சி.சி., 63 குதிரையாக இருந்தது. 2016இல் அதை 4 மீட்டருக்குள் வெட்டி, 1493 சி.சி., 70 குதிரையாக்கினார்கள். இரண்டிலும் டர்போ உண்டு. வெட்டியது வரிக் கத்தரிக்கோல்.

என் சண்டை பெட்ரோல் டர்போவை நம் வயதுக்காரர்கள் தலையில் கட்டுவதோடு. ஷோரூமில் 'வரி கம்மி சார்' என்பார்கள். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வதையும், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதப்பதையும் சொல்ல மாட்டார்கள். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது. வேகமாக வந்து சட்டென்று சாவியைத் திருப்பினால் உள்ளே நிற்கிற எண்ணெய் தீய்ந்து கரியாகும். நாமோ ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசிக்குப் போய்த் திரும்புகிறவர்கள், வண்டியைப் பத்துப் பதினைந்து வருஷம் வைத்திருப்பவர்கள். வாரண்டி முடிந்த பிறகு வருகிற செலவுக்கு வரிச்சலுகை கிடையாது. மைலேஜ் கூடும் என்பார்கள். மெதுவாக ஓட்டினால் உண்மை. அழுத்தி மிதித்தால் இன்ஜின் சூட்டைத் தணிக்கவே அதிகப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கும்.

டர்போ பிடித்தவர் தாராளமாக வாங்கட்டும். வேண்டாம் என்பவரிடம் 22 சதவீதம் அதிகமாகப் பிடுங்குவது ஏன்? வண்டியைச் சோதனைக்குக் கொடுக்கும்போதே அதன் சக்தியும் புகை அளவும் அரசாங்கத்தின் கைக்கு வந்துவிடுகின்றன. அவற்றை வைத்து வரி போடலாம். அது சிரமம் என்றால் பழைய பந்தயக் கணக்குப்படி டர்போவின் சி.சி.யை இரண்டால் பெருக்கட்டும். 1199 பெருக்கல் இரண்டு, 2398. பக்கத்தில் 1462ஐ எழுதிவிட்டு, எது சின்ன இன்ஜின் என்று அதிகாரிகளே சொல்லட்டும்.