பிளேட்லெட் குறைந்தால் டெங்கு மட்டும்தானா?

மழை விட்டதும் தாம்பரம், குரோம்பேட்டை லேப்களில் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" 1.5 லட்சத்துக்குக் கீழே என்றால் டெங்கு என்று வீட்டிலேயே தீர்ப்பாகி, பப்பாளி இலைச் சாறும் வந்துவிடும். டெங்கு என்றால் ஓரிரு வாரத்தில் எண்ணிக்கை ஏறிவிடும். காய்ச்சலே இல்லாமல், மாதக்கணக்கில் 40,000-லேயே நின்றால்? பல் துலக்கினால் ரத்தம், கணுக்காலில் கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள். எச்.ஐ.வி.யும் இதைச் செய்யும். சிலருக்கு முதல் அடையாளமே இதுதான். வைரஸை எதிர்க்கக் கிளம்பிய ஆன்டிபாடிகளில் சில, ஆள் மாறிப் பிளேட்லெட்டுகளில் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியும் படுத்துவிடுகிறது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கினால் பெரும்பாலோருக்கு எண்ணிக்கை ஏறும். டாக்டர் சவுரிமுத்து 1928-ல் காசநோய்க்கென்று தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தில் (இன்று அது அரசு மருத்துவமனை) அந்த மருந்து 2004 முதல் இலவசம். அரசின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் காசில்லை. ஆனாலும் பிளேட்லெட் சோதனையை நாலு தடவை எழுதுகிற பேனா, எச்.ஐ.வி. என்று எழுத மட்டும் தயங்குகிறது. நோயாளி கோபித்துக்கொள்வாராம்!