இடுப்புப் பிடித்தால் படுக்கலாமா?

ஊருக்கு ஊர் வாலிபர்கள் பளு தூக்குகிறார்கள். நல்லதுதான். ஆனால், பக்கத்தில் நிற்பவன் 60 கிலோ தூக்கினால் தானும் தூக்கவேண்டும் என்ற வீம்பு வந்துவிடுகிறது. முதுகை வளைத்துத் தூக்குகிறான். 'சுரீர்' என்று இடுப்பில் வலி! குனிய முடியாமல் வீடு வந்து சேருகிறான்.

வீட்டில் என்ன செய்கிறார்கள்? "பத்து நாள் அசையாமல் படு" என்று பாயை விரிக்கிறார்கள். பாசம்தான். ஆனால் அது தவறு.

பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் டாக்டர்கள் இதைச் சோதித்தார்கள். இடுப்பு வலி வந்தவர்களில் சிலரை 2 நாள் படுக்க வைத்தார்கள். சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களை, வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்க்கச் சொன்னார்கள். முடிவு 1995-ல் வெளியாயிற்று. வேலை பார்த்தவர்களே சீக்கிரம் குணமடைந்தார்கள்!

ஆகவே, மெல்ல நடங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். இடுப்பில் ஏறி மிதித்துச் சுளுக்கு எடுப்பவரிடம் மட்டும் போகவேண்டாம்.

கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, அது வெறும் பிடிப்பு அல்ல. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மறுபடி பளு தூக்கலாமா? தாராளமாக! முதலில் வெறும் கம்பி. வலி இல்லையென்றால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம். முழங்காலை மடக்கி, கம்பியை உடம்போடு ஒட்டித் தூக்கவேண்டும். பழைய எடைக்கு வர இரண்டு மாதம் ஆனால் ஆகட்டும்.