வாரை இறுக்கிய பின் தவக்குல்

நூஹ் நபி (அலை) அவர்களைக் கப்பலின்றியே காப்பாற்ற அல்லாஹ்வால் இயலும். ஆயினும், கப்பலைக் கட்டுமாறே அவன் கட்டளையிட்டான். முயற்சிக்குப் பின்னரே தவக்குல் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் ஏது?

எண்ணூர்க் கழிமுகத்தில் துடுப்புப் போட ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கயாக் வாங்கித் தரும் பெற்றோர் இதை மறக்கலாகாது. மலையாற்றுக் கயாக் குட்டையானது. பாறைகளுக்கிடையே சட்டெனத் திரும்புவதற்காகச் செய்யப்பட்டது. கொசஸ்தலையாறு கடலைச் சேரும் இவ்விடத்திலோ ஓதத்தின் ஆட்சியே நடக்கிறது. ஓதம் வடிகையில் நீரோட்டம் கடலை நோக்கி இழுக்கும். நேர்வழியில் ஓடாத குட்டைப் படகில் அதை எதிர்ப்பவன் விரைவில் களைத்துப்போவான். சற்று நீண்ட, மேலே அமர்ந்து செலுத்தும் கயாக்கே இங்குப் பொருத்தம். கவிழ்ந்தாலும் மீண்டும் ஏறிக்கொள்வது எளிது.

ஆனால் படகின் விலையைக் கேட்குமுன் லைஃப் ஜாக்கெட்டைப் பாருங்கள். அது பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வார்களை இறுக்கிய பின் தோள்பகுதியைப் பிடித்துத் தூக்கினால், காதுவரை ஏறக்கூடாது. அதில் ஒரு விசிலும் கட்டியிருக்கட்டும். பெண்பிள்ளைகளை நீண்ட, தளர்ந்த புர்காவுடன் படகேற்றாதீர்கள். உடலை மறைக்கும் நீச்சலுடைகள் கிடைக்கின்றன.

புறப்படுமுன் காட்டுக்குப்பம் மீனவரிடம் ஓதத்தின் நேரத்தைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் எண்ணெய் பரவிய நீர் இது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடங்களும் உண்டு. எங்கே செல்லலாம், எங்கே கூடாது என்பதை அவர்களே அறிவார்கள்.

உயிர் அல்லாஹ் தந்த அமானத். வாரை அவிழ்த்துவிட்டு அவன்மீது பொறுப்பைச் சுமத்துவது தவக்குல் அன்று. வாரை இறுக்குவோம், பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லித் துடுப்பை எடுப்போம்.